அழைப்பு எங்கே அறுந்துபோகிறது? தொலைபேசி உதவியோடு புகையை விடுபவர்களுக்கு, அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

பத்தொன்பது ஆண்டுகள் சிகரெட் பிடித்து, கடைசியில் தொலைபேசி ஆலோசனையின் துணையோடு அதை விட்டவன் நான். அதற்குப் பிறகு, பெரம்பூரில் எங்கள் தெருவிலும் சுற்றுவட்டாரத்திலும் புகையை விட விரும்புகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து முதல் அழைப்பைச் செய்ய உதவி வருகிறேன். சிலர் விட்டார்கள், பலர் பாதியில் நின்றார்கள். நின்றவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்: "எனக்கு மன உறுதி போதாது." ஆனால் நடந்ததை நாள் வாரியாகக் கேட்டுப் பார்த்தால், அந்த இடத்தில் வேறொரு சின்னப் பழுது இருந்தது. தெரியாத எண் என்று அழைப்பை எடுக்காமல் விட்டிருப்பார், நிகோடின் சூயிங்கத்தைச் சாதாரண மிட்டாய் போல மென்றிருப்பார், தூக்கம் கெட்டதற்குக் காபி காரணம் என்பது தெரியாமல் இருந்திருப்பார், அல்லது ஒரு நாள் தவறியதை ஆலோசகரிடம் சொல்லக் கூசியிருப்பார். இவை அனைத்தும் சரிசெய்யக் கூடியவை. எந்த இடத்தில் சிக்கியிருக்கிறீர்களோ அந்தத் தலைப்பிலிருந்து படிக்கலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தொடங்கும் முன்

தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. கட்டணம் கிடையாது. 2016-ஆம் ஆண்டு டெல்லியில் உள்ள வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் தொடங்கிய இந்தச் சேவை, 2018-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம், மும்பை டாடா நினைவு மையம், குவஹாட்டி பரூவா புற்றுநோய் நிறுவனம் ஆகிய இடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. தமிழ் உள்ளிட்ட தென்னிந்திய மொழிகளில் பேச பெங்களூரு மையம் இருக்கிறது. செவ்வாய் முதல் ஞாயிறு வரை, காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணி வரை ஆலோசகர்கள் பேசுகிறார்கள், திங்கட்கிழமை விடுமுறை. சிகரெட், பீடி மட்டுமல்லாமல் வாயில் அடக்கும் புகையிலையை விடவும் இதே எண்தான்.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பழுது தானாகவே தெரிந்துவிடும். நீங்கள் அழைக்கும் அந்த ஓர் அழைப்பு ஒரு பதிவு, அவ்வளவுதான். உங்கள் பழக்கத்தைக் கேட்டறிந்து, நிறுத்தும் நாளைக் குறித்து, அதன் பிறகு ஆலோசகரே உங்களைத் திரும்பத் திரும்ப அழைப்பார். பலன் பெரும்பகுதி அந்தத் திரும்ப வரும் அழைப்புகளில்தான் இருக்கிறது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட மதிப்பாய்வின்படி, உதவி எண்ணை அழைத்துக் குறைந்த அளவு உதவியோடு நின்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேர் புகையை விட்டார்கள் என்றால், ஆலோசகரே பலமுறை தேடி அழைத்துப் பேசியவர்களில் ஏறத்தாழ 10 பேர் விட்டார்கள். நூற்றுக்கு மூன்று பேர் கூடுதல் என்பது சிறிய எண்ணிக்கை போலத் தோன்றலாம். எங்கள் தெருவில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலையும் குடும்பங்களைப் பார்த்திருப்பதால், அந்த மூன்று பேர் எனக்குச் சிறிய எண்ணிக்கையாகத் தெரிவதில்லை. நிகோடின் சூயிங்கம் போன்ற மருந்தும் பேச்சும் சேரும்போது பலன் இன்னும் கூடும்; உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டுதலும் இரண்டையும் சேர்த்துத் தருவதைத்தான் பரிந்துரைக்கிறது.

"எண் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை"

2018 செப்டம்பரிலிருந்து சிகரெட், பீடி, புகையிலைப் பொட்டலங்களின் எச்சரிக்கைப் படத்தோடு இந்த எண்ணும் அச்சிடப்பட்டு வருகிறது. ஆனால் சென்னையில் நம்மில் பலர் பாக்கெட் வாங்குவதே இல்லை. டீக்கடையில் நின்று ஒன்று, இரண்டு என்று சில்லறையாக வாங்குகிறோம். பாக்கெட் கடைக்காரரின் கண்ணாடிப் பெட்டிக்கு உள்ளேயே இருக்கிறது. பல ஆண்டுகள் புகைத்த ஒருவர் அந்த எண்ணை ஒருமுறைகூடப் பார்த்திராமல் இருப்பதற்கு இதுவே காரணம். இப்போதே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். "புகையிலை உதவி" என்று பதிந்தால் பிறர் பார்ப்பார்களே என்று தயங்கினால், உங்களுக்குப் புரியும் வேறு எந்தப் பெயரிலும் பதியலாம்.

"அழைத்தேன், இணைப்புக் கிடைக்கவில்லை" அல்லது "வேறு மொழியில் பேசினார்கள்"

முதலில் கிழமையையும் நேரத்தையும் பாருங்கள். விடுமுறையில் ஓய்வாக உட்கார்ந்து யோசித்து, திங்கள் காலையில் புது மனிதனாகத் தொடங்கலாம் என்று அழைப்பவர்கள் நிறையப் பேர். அன்றுதான் அங்கே விடுமுறை. நேரம் சரியாக இருந்தும் கிடைக்காவிட்டால் சற்று நேரம் கழித்து மீண்டும் முயலுங்கள். ஒருமுறை கிடைக்கவில்லை என்பதற்காக அன்றைய முடிவைக் கைவிட வேண்டாம். வேறு மொழியில் குரல் கேட்டால் துண்டிக்காமல், "தமிழில் பேச வேண்டும்" என்று சொல்லிக் காத்திருங்கள்.

"வீட்டில் வைத்துப் பேச முடியாது"

இதைச் சொல்கிறவர்கள் இரண்டு வகை. புகைப்பதே வீட்டுக்குத் தெரியாத இளைஞர்கள் ஒரு வகை; தெரியும், ஆனால் மனைவி பிள்ளைகள் எதிரில் ஒரு முன்பின் தெரியாதவரிடம் தன் பலவீனத்தைச் சொல்வது எப்படி என்று கூசும் நடுவயதுக்காரர்கள் இன்னொரு வகை. இரு வகையினருக்கும் நான் சொல்வது ஒன்றே: முதல் அழைப்பு சற்று நீளும், ஆகவே இருபது நிமிடம் யாரும் கூப்பிடாத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மொட்டை மாடி போதும். எனக்குத் தெரிந்த ஓர் ஆட்டோ ஓட்டுநர் மெரினாவில் காந்தி சிலைக்கு அருகே வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பின் இருக்கையில் உட்கார்ந்து பேசினார். மின்சார ரயிலிலிருந்து பேச வேண்டாம். நிலையத்துக்கு நிலையம் பேச்சு அறுந்து, கேட்ட கேள்விக்கே மீண்டும் பதில் சொல்ல நேரிடும், எரிச்சல்தான் மிஞ்சும்.

அடுத்த அழைப்பு எந்த நேரத்தில் வரலாம் என்பதை முதல் அழைப்பிலேயே ஆலோசகரிடம் சொல்லிவிடுங்கள். "காலை 9 மணிக்கு மேல், சாயங்காலம் 5 மணிக்குள், வேலை செய்யும் இடத்தில் என்னால் பேச முடியும்" என்பது போலத் தெளிவாகச் சொன்னால், சாப்பாட்டு வேளையில் வீட்டார் நடுவே மணி அடிக்கும் சங்கடம் இல்லை.

"நாள் குறிக்கச் சொன்னதும் பயம் வந்துவிட்டது"

பயம் இயல்பானது. காலையில் எழுந்ததும் எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட், ஒரு நாளைக்கு எத்தனை, எந்த வேளையில் அதிகம், இதற்கு முன் விட முயன்றீர்களா, அப்போது எது திரும்ப இழுத்தது என்றெல்லாம் ஆலோசகர் கேட்பது குறுக்கு விசாரணை செய்ய அல்ல. கண் விழித்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைத் தேடுகிறவரின் உடல் நிகோடினை அதிகமாகச் சார்ந்திருக்கிறது. அவருக்கு வெறும் பேச்சு போதாமல் மருந்தும் தேவைப்படலாம். ஆகவே எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். பதினைந்தை ஆறு என்று சொன்னால், ஆறு பிடிக்கிறவருக்கான திட்டம்தான் உங்களுக்குக் கிடைக்கும்.

நாளைக் குறிப்பதில் என் அனுபவம்: ஒரு வாரம், பத்து நாளுக்குள் இருக்கட்டும். பொங்கல் முதல், புத்தாண்டு முதல், மகளின் பிறந்தநாள் முதல் என்று தள்ளித் தள்ளி வைத்த நாட்களில் நான் ஒன்பது முறை தோற்றேன். பத்தாவது முறை, நாட்காட்டியில் எந்தச் சிறப்பும் இல்லாத ஒரு புதன்கிழமை. முந்தைய இரவில் சட்டைப் பை, வண்டியின் டிக்கி, அலுவலக மேசையின் இழுப்பறை, குளியலறை ஜன்னல் விளிம்பு என எல்லா இடத்திலும் தேடி மிச்சத்தை அப்புறப்படுத்தினேன். தீப்பெட்டியும் சாம்பல் கிண்ணமும் சேர்த்துத்தான். அவற்றை வைத்துக்கொண்டு சிகரெட்டை மட்டும் எறிவதில் பயனில்லை.

"திரும்ப அழைத்தார்கள், நான் எடுக்கவில்லை"

நான் பார்த்த தோல்விகளில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்கின. இதற்குள் மூன்று வேறு பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. மூன்றுக்கும் தீர்வு வேறு.

முதலாவது, எண் அடையாளம் தெரியாதது. நீங்கள் அழைத்தது ஓர் எண், உங்களைத் திரும்ப அழைப்பது வேறோர் எண்ணாக இருக்கலாம். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று நாள் முழுவதும் அழைப்புகள் வரும் இந்தக் காலத்தில், தெரியாத எண்ணை எடுக்காமல் விடுவது நம் கைப்பழக்கமாகிவிட்டது. தேவையற்ற அழைப்புகளைத் தடுக்கும் செயலியை வைத்திருந்தால் அது உங்களுக்குத் தெரியாமலேயே துண்டித்துவிடும். எந்த எண்ணிலிருந்து அழைப்பு வரும் என்று முதல் அழைப்பிலேயே கேளுங்கள். நிறுத்தும் நாளிலிருந்து ஒரு மாதத்துக்கு அந்தத் தடுப்பை நீக்கி வையுங்கள்.

இரண்டாவது, நேரம். வண்டி ஓட்டும்போதோ மேலாளர் எதிரில் நிற்கும்போதோ அழைப்பு வந்தால் எடுக்க முடியாதுதான். அப்படியானால் அன்றே நீங்கள் அழையுங்கள். "அவர்கள்தான் கூப்பிட வேண்டும்" என்று காத்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

மூன்றாவது, வெட்கம். இடையில் ஒன்று பிடித்துவிட்டதால் எடுக்காமல் இருப்பது. இதைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

"முதல் மூன்று நாள் உடம்பே என்னுடையதாக இல்லை"

நிகோடின் இரத்தத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. அதனால்தான் நிறுத்திய சில மணி நேரத்திலேயே எரிச்சல், படபடப்பு, தலைபாரம், கவனம் சிதறுதல், அதிகப் பசி எல்லாம் தொடங்குகின்றன. இரண்டாம், மூன்றாம் நாளில் இவை உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கி, இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்தக் கணக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதே ஒரு மருந்து. தெரியாதவர், மூன்றாம் நாளின் வேதனையைப் பார்த்து "இனி வாழ்நாள் முழுவதும் இப்படித்தானா" என்று அஞ்சிக் கடைக்குப் போகிறார். தெரிந்தவர், மலையின் உச்சியில் நிற்கிறோம், இனி இறக்கம்தான் என்று தாங்கிக்கொள்கிறார்.

தனித்தனி வேட்கை ஒவ்வொன்றும் பொதுவாக மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் நீடிக்கும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆகவே அந்த ஆட்டோ ஓட்டுநரின் இரண்டாம் நாளில் நானே அவருடன் நின்றேன். எதிரில் பெட்டிக்கடை, கம்பியில் கட்டித் தொங்கவிட்ட லைட்டர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது, ஒன்றும் இல்லாமல் திரும்பியது, மறுபடியும் போனது. நெற்றியில் வியர்வை. கைபேசியில் நேரம் ஓட விட்டேன். ஒரு பாட்டில் தண்ணீரை மிடறு மிடறாகக் குடிக்கச் சொன்னேன். மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விட்டார். ஒரு கடலை மிட்டாயை உடைத்துக் கொடுத்தேன். இரண்டாவது துண்டை மெல்லும்போது, நேற்றைய சவாரியில் ஒரு பாட்டி கூலியைக் காசுகளாக எண்ணிக் கொடுத்த கதையை அவராகவே சொல்லத் தொடங்கினார். கைபேசியைப் பார்த்தேன்: நான்கு நிமிடம் பத்து விநாடி. காட்டியதும் சிறிது நேரம் அவர் எதுவும் பேசவில்லை.

தள்ளிப்போடுதல், ஆழ்ந்த மூச்சு, தண்ணீர், கவனத்தைத் திருப்புதல் என்று ஆலோசகர்கள் சொல்லிக்கொடுப்பதும் இவற்றைத்தான். எளிமையாக இருப்பதால் பயன்படாது என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஐந்து நிமிடத்தைக் கடத்துவதற்கு ஐந்து நிமிட வேலைகளே போதும்.

"தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது"

இதைச் சொன்னால் முதலில் நான் கேட்பது: ஒரு நாளைக்கு எத்தனை டீ, காபி? சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருட்கள், காபியிலும் டீயிலும் உள்ள காஃபினைக் கல்லீரல் வேகமாகச் சிதைக்கும்படி தூண்டுகின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைகிறது. அதே ஐந்து டம்ளர் குடித்தாலும் இரத்தத்தில் தங்கும் காஃபின் ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது. புகையை விட்டதால் வந்த நடுக்கம் என்று நினைத்து ஒருவர் மீண்டும் புகைக்கத் தொடங்குகிறார். பார்த்தால் அந்த நடுக்கத்தில் ஒரு பங்கு ஃபில்டர் காபியுடையது. நிறுத்தும் நாளிலிருந்து டீ, காபியைப் பாதியாக்குங்கள். பிற்பகலுக்குப் பிறகு மோர், சுக்கு மல்லி நீர், எலுமிச்சைச் சாறு போதும்.

டீயைக் குறைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. நம்மில் பலருக்கு டீயும் தம்மும் ஒரே சொல்லாகிவிட்டன. ஒரு கையில் கிளாஸ் வந்ததும் மற்றொரு கை எதையோ தேடுகிறது. முதல் மாதம் கடையில் நின்று குடிக்காமல் உட்கார்ந்து குடியுங்கள், முடிந்தால் வேறு கடைக்குப் போங்கள்.

இதோடு சேர்ந்த ஓர் எச்சரிக்கை. ஆஸ்துமாவுக்காகத் தியோஃபிலின், மனநலத்துக்காக குளோசபின் அல்லது ஒலான்சபின் போன்ற மருந்துகளை எடுத்துக்கொள்பவர்களுக்கும் இதே காரணத்தால் மருந்தின் அளவு உடலில் உயரக்கூடும். இவர்கள் நிறுத்தும் நாளுக்கு முன்பே தங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். நெஞ்சில் வலியோ இறுக்கமோ இருந்தால் அது இந்தக் கட்டுரையின் எல்லைக்குள் வராது. உடனே 108-ஐ அழையுங்கள்.

"சூயிங்கம் வாங்கினேன், தொண்டை எரிகிறது, விக்கல் வருகிறது, பலனும் இல்லை"

ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்: நீங்கள் அதைத் தொடர்ந்து மென்றிருக்கிறீர்கள். நிகோடின் சூயிங்கம் வயிற்றுக்குள் போய் வேலை செய்வதல்ல, வாயின் உட்சுவர் வழியாக உறிஞ்சப்படுவது. காரமோ சுரீர் என்ற உணர்வோ வரும்வரை மெதுவாக மெல்ல வேண்டும். வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். அந்த உணர்வு அடங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். விடாமல் மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் எரிச்சலும் விக்கலும்தான் மிஞ்சும். காபி, பழச்சாறு, சோடா போன்றவை வாயில் புளிப்பை உண்டாக்கி உறிஞ்சுதலைத் தடுக்கும். மெல்வதற்கு முந்தைய பதினைந்து நிமிடமும் மெல்லும்போதும் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம். 2 மி.கி., 4 மி.கி. என இரு அளவுகளில் வருகிறது. கண் விழித்து அரை மணிக்குள் புகைப்பவருக்கு 2 மி.கி. பற்றாமல் போகலாம், அளவைக் கூட்டுவதை மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். கர்ப்பிணிகளும் சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் தாங்களாக வாங்கிப் பயன்படுத்தக் கூடாது.

மருந்தும் தொலைபேசியும் சேர்ந்தும் போதவில்லை என்றால் நேரில் போகலாம். அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் 2002-ஆம் ஆண்டிலேயே புகையிலை நிறுத்த மையம் தொடங்கப்பட்டது. நாட்டில் முதன்முதலாக அமைந்த பதின்மூன்று மையங்களில் அதுவும் ஒன்று.

"விட்ட பிறகுதான் இருமல் அதிகமாகிறது"

மூச்சுக்குழாயின் உள்ளே சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள், புகையால் செயலிழந்து கிடந்தவை, மீண்டும் அசையத் தொடங்குகின்றன. தேங்கிக் கிடந்த சளி வெளியே வருகிறது. சில வாரங்களில் குறையும். ஆனால் இரத்தம் கலந்து வந்தாலோ, எடை குறைந்தாலோ, மாலையில் காய்ச்சல் இருந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ, சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய் உள்ள நாடு இது. புகைப்பவர்களுக்கு அதன் ஆபத்தும் அதிகம்.

"முழுவதும் விடவில்லை, நாளைக்கு இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்"

குறைத்தது முயற்சிதான், பாராட்டுகிறேன். ஆனாலும் அந்த இரண்டையும் எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று கவனித்துப் பாருங்கள். ஆழமாக இழுத்து, நீண்ட நேரம் உள்ளே வைத்து, வடிகட்டி சுடும்வரை விடாமல் பிடிப்பீர்கள். உடல் தனக்கு வேண்டிய நிகோடினை இரண்டிலிருந்தே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறது. அதோடு, ஒவ்வொரு சிகரெட்டும் அந்த வேட்கையைப் பட்டினியிலிருந்து எழுப்பி உட்கார வைக்கிறது. முழுவதும் விட்டவருக்கு நான்கு வாரத்தில் அடங்குவது, உங்களுக்கு நான்கு மாதமானாலும் அடங்காது. குறைப்பதை நிறுத்தும் நாளுக்கான படியாக வைத்துக்கொண்டு, அடுத்த அழைப்பில் ஆலோசகரிடம் அந்த நாளைச் சொல்லிவிடுங்கள்.

மின்னணு சிகரெட்டுக்கு மாறலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அதன் விற்பனை இந்தியாவில் 2019 முதல் சட்டப்படி தடை.

"எனக்கு இழுப்பு வருவது நள்ளிரவில்"

பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர்கள், மருத்துவமனைக் காவலர்கள், கோயம்பேட்டில் லாரி இறக்குபவர்கள் எல்லோருடைய சிக்கலும் இது. இரவு 8 மணிக்கு மேல் ஆலோசகர் இல்லை. டெலி-மானஸ் என்னும் 14416 மனநல உதவி எண் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. தாங்க முடியாத பதற்றம் என்றால் அங்கே தமிழில் பேசலாம். மற்றபடி, பகலில் ஆலோசகரோடு பேசும்போதே அதிகாலை 3 மணிக்கு என்ன செய்வது என்று வரிசையாகத் திட்டமிட்டு எழுதி, கைபேசியின் முகப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒன்று பிடித்துவிட்டேன்"

என் இருபத்து மூன்றாம் நாளில் பெரிய மாமா இறந்தார். வியாசர்பாடியில் அவர் வீட்டு வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், பறை. இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டும். உறவினர் ஒருவர் ஒன்றும் பேசாமல் ஒரு சிகரெட்டை நீட்டினார். துக்க வீட்டில் அதுவும் ஓர் ஆறுதல் சொல்லும் முறை. வாங்கினேன். விடிவதற்குள் ஒரு பாக்கெட்டையே நான் வாங்கியிருந்தேன், நான்கு குறைந்திருந்தது.

மறுநாள் காலை 10 மணிக்கு ஆலோசகரின் அழைப்பு வந்தது. கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். இருபத்திரண்டு நாள் அந்தப் பெண் எனக்காகப் பேசியிருக்கிறார், அவருக்கு என்ன பதில் சொல்வது? இனி பேசவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். மாலையில் மறுபடியும் மணி அடித்தது. எதற்காக எடுத்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை, வருந்தவும் இல்லை. "எத்தனை மணிக்கு சார்? யார் கொடுத்தாங்க? அப்போ கையில வேற ஏதாவது இருந்துதா? சாப்பிட்டிருந்தீங்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முந்தைய நாள் மதியத்துக்குப் பிறகு நான் எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. பிறகு, "மீதி எங்க இருக்கு சார்?" என்றார். வண்டி டிக்கியில் என்றேன். "நான் லைன்லயே இருக்கேன், போயிட்டு வாங்க" என்றார். கீழே இறங்கிப் போய், பாக்கெட்டை எடுத்துத் தெருக்குழாயின் அடியில் பிடித்தேன். காகிதம் பிரிந்து தூள் கரைந்து ஓடியது. "தண்ணி சத்தம் கேக்குது," என்றார். "இன்னைக்கு இருபத்து நாலாவது நாள்னே வச்சுக்கோங்க சார். பதினாறாம் நாள் காரியம் என்னைக்கு? அதுக்கு முந்தின நாள் நான் கூப்பிடறேன்."

ஆகவே, இந்த அறிகுறி உங்களுடையது என்றால் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். மிச்சம் இருப்பதை இப்போதே நனைத்துவிடுங்கள். குப்பையில் போட்டால் எடுத்துவிடுவோம். இன்றே அழையுங்கள், அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். எப்போது, எங்கே, யாருடன், பசியா, மதுவா, சண்டையா என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஆலோசகருக்கு அது குற்றப் பட்டியல் அல்ல, அடுத்த முறை எங்கே தடுப்பு வைப்பது என்பதற்கான வரைபடம். மது அருந்தும் இடத்தில் தவறியவர்கள் பலர். முதல் இரண்டு மாதம் அந்த இருக்கையையே தவிர்ப்பதுதான் இதுவரை நான் பார்த்ததில் பலித்த வழி. நிகோடின் சூயிங்கமோ, தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையோ பயன்படுத்தி வந்தால், ஒன்று பிடித்ததற்காக அதை நிறுத்த வேண்டாம், ஆலோசகரைக் கேட்டுத் தொடருங்கள். ஒன்று பிடித்தவருக்கும் மீண்டும் பழக்கத்தில் விழுந்தவருக்கும் நடுவே சில நாட்கள் இருக்கின்றன. அந்த நாட்களில் மணி அடித்தால் எடுப்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

"கணவருக்காக நான் அழைக்கலாமா?"

அழைக்கலாம், வீட்டார் எப்படித் துணை நிற்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் அவருக்குத் தெரியாமல் அவர் எண்ணைப் பதிந்துவிடாதீர்கள். தன் வாயால் சம்மதம் சொல்லாத ஒருவர், வரும் அழைப்பை வீட்டாரின் வேவு என்றுதான் எடுத்துக்கொள்வார். அவர் நிறுத்திய முதல் வாரத்தில் வரும் கோபத்தை நிகோடினின் கணக்கில் எழுதுங்கள். "இத்தனை நாள் விட்டாயே, ஏன் இன்று?" என்ற கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். ஆலோசகர் அழைக்கும் நேரத்தில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து, அவருக்கு மாடிப்படியைக் காட்டினால் போதும்.

"ஆறு மாதம் ஆகிவிட்டது, இன்னும் கனவில் புகைக்கிறேன்"

எனக்கும் வந்தது, இரண்டாம் ஆண்டிலும் வந்தது. விழித்ததும் வாயில் சுவைகூட இருக்கும். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, உண்மையாகவே பிடித்துவிட்டோமோ என்று கையை முகர்ந்து பார்த்திருக்கிறேன். புகையை விட்டவர்கள் பலருக்கு வருகிற கனவுதான் இது. தோல்விக்கு அறிகுறி அல்ல, மருந்தும் வேண்டாம். எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் படுத்துவிடலாம்.